பனி தங்காத கூரை

ட்ரோன் எடுத்த படத்தில்
ஊர் முழுக்க நீலம்.
ஏரியோரம் ஒரே ஒரு கூரை மட்டும்
ஊதிவிட்ட கங்கு மாதிரி
சிவந்து கிடந்தது.

"போய்ப் பார்" என்றார் மேலாளர்.

மின்வாரியத்தில் எனக்குப் பதினோரு வருடம்.
புர்யாத்தியாவின் இந்த மூலையில்
பனி சுமக்கும் கூரை நல்ல குடிமகன்.
பனி தங்காத கூரை குற்றவாளி.
பிப்ரவரியில் எனக்கு வேறு சட்டப் புத்தகம் தேவைப்பட்டதில்லை.

மைனஸ் முப்பத்து நான்கு.
வண்டிக் கதவின் கைப்பிடி
என் கையுறையைக் கவ்விக்கொண்டு
விடமாட்டேன் என்றது.

தூல்மா தொர்ஜியேவா கதவைத் திறந்தாள்.
கையில் பால்புட்டி,
அதன் ரப்பர் காம்பு கடிபட்டுக் கிழிந்திருந்தது.
"கொட்டகைக்குத்தானே வந்தீங்க? வாங்க.
கதவைச் சீக்கிரம் சாத்துங்க, சூடு போகுது."

உள்ளே மூன்று இயந்திரங்கள்.
கல்லெறிபட்ட தேன்கூட்டின் இரைச்சல்.
அவை விட்ட மூச்சு
தகரக் குழாய் வழியே வைக்கோலில் இறங்க,
நெற்றியில் வெள்ளைச் சுழியோடு
நான்கு நாள் கன்று ஒன்று,
எவனோ எங்கோ வாங்கி விற்கும்
கண்ணில் படாத காசு பிறக்கிற வெக்கையில்
கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

இயந்திரத்தின் விலாவில்
பாதி சுரண்டிய சீன எழுத்து.
அந்த நாடு துரத்தியபோது
எல்லை தாண்டிப் பாதி விலைக்கு வந்தவையாம்.
"இங்கேயும் துரத்தினால்?" என்றேன்.
"இன்னும் யோசித்து முடிக்காத நாடு
எங்கேயாவது ஒன்று இருக்கும்" என்றாள்.

பிஸ்கட் டப்பாவைத் திறந்து
காகிதங்களை வைக்கோல்கட்டின் மேல் பரப்பினாள்.
அப்படி ஒரு பொருளே கிடையாது
என்று அரசாங்கம் எழுதிய பதில்.
அது சொத்துதான்
என்று அரசாங்கம் எழுதிய இன்னொரு பதில்.
அந்தச் சொத்துக்கு வரி.
வரி கட்டிய ரசீது, வட்ட முத்திரை, ஊதா மை.
நான் கொண்டுபோன தாளை அதன் பக்கத்தில் வைத்தேன்:
நவம்பர் பதினைந்திலிருந்து மார்ச் பதினைந்து வரை தடை.
அதே வட்டம்.
அதே ஊதா.

கையெழுத்தான ஊரில் அப்போது மாலை ஏழு மணி,
இங்கே நள்ளிரவு.
எங்களுக்கு வரும் சட்டம் எல்லாமே
நேற்றிலிருந்துதான் வருகிறது.

மின்சாரம் போதவில்லை என்பது பொய்யில்லை.
போன மாதம் மருத்துவமனையில்
இரண்டு மணி நேரம் இருட்டு.
என் தங்கை அங்கே பிரசவ அறையில் செவிலி,
செல்பேசி வெளிச்சத்தில் தொப்புள்கொடி அறுத்ததை
இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.
அதையும் தூல்மாவிடம் சொன்னேன்.
தலையாட்டினாள்.
"சரிதான். ஆனால் மார்ச் பதினாறு வரை
இந்தக் கன்றிடம் யார் பேசுவது?"

பிளக்கைப் பிடுங்கினேன்.
விசிறிகள் ஒவ்வொன்றாய் முனகி நின்றன.
அமைதி கேட்டுக் கன்று விழித்தது.

கம்பி கட்டி, ஈய முத்திரை நசுக்கி,
படிவத்தில் மணி எழுதும் நேரத்துக்குள்
அவள் வீட்டுக்குள்ளிருந்து
மூன்று மின்கணப்புகளைத் தூக்கி வந்து
அதே துளைகளில் சொருகினாள்.
கடையில் வாங்கியவை. ரசீது உண்டு. தடை கிடையாது.

மீட்டரைப் பார்த்தேன்.
முன்பு ஓடிய அதே ஓட்டம்.
ஒரு எண் கூட மூச்சு வாங்கவில்லை.

சூடாகிற வழியில்
மின்சாரம் ஏதாவது கணக்குப் போட்டதா
என்பது மட்டும்தான் சட்டத்தின் கேள்வி.
போட்டிருந்தால் குற்றம்.
சும்மா எரிந்திருந்தால் கணப்பு.
மீட்டர் அதே வேகத்தில் ஓடுகிறது என்று எழுத
என் படிவத்தில் கட்டம் இல்லை.
கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

செவ்வாய்க்கிழமை புதுப் படம் வந்தது.
ஊர் நீலம்.
ஏரியோரம் அதே கங்கு.

"போய்ப் பார்" என்றார் மேலாளர்,
தலையை நிமிர்த்தாமல்.

படிவம், கம்பி, ஈய முத்திரை எல்லாம்
பையில் இருக்கிறதா என்று பார்த்தேன்.
வழியில் கால்நடை மருந்துக்கடையில் நிறுத்தி
ஒரு ரப்பர் காம்பு வாங்கினேன்.
நாற்பது ரூபிள்.
ரசீது வேண்டுமா என்றாள் கடைக்காரி.
வேண்டாம் என்றேன்.