தாழ்ப்பாள்

வியாழன் மதியம். ஜன்னலில் வேல்ஸின் சாய்மழை.
நூலக மேசையைச் சுற்றி எட்டுப் பேர்,
சட்டையில் குத்திய பச்சை வில்லை: மாணவர் மன்றம்.
தலைமையாசிரியர் ப்ரொதெரோ அம்மையார்
சுவரில் என்ன வரையலாம் என்று கேட்கத்தான் வந்திருந்தார்.
டிராகனா, டால்ஃபினா.
பிஸ்கட் தட்டு ஒரு சுற்று வந்துவிட்டது.

இரண்டாம் வகுப்பு லெரி கை தூக்கினாள்,
தூக்கிய கையை மறு கையால் தாங்கிக்கொண்டு.
"மூணாவது கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்ல.
உக்காந்திருக்கிற நேரம் பூரா
ஆள் இருக்கு, ஆள் இருக்குன்னு கத்தணும்."

ஒருவன் சிரித்தான்.
கூடச் சிரிக்க யாருமில்லை.
மன்றத் தலைவன் மாக்சன், ஆறாம் வகுப்பு,
பென்சில் முனையைப் பார்த்தபடி சொன்னான்:
"நான் வீட்டுக்குப் போற வரைக்கும் தண்ணியே குடிக்கிறதில்ல."
பிறகு கெய்னோர்.
பிறகு, சிரித்தவனும்.

குறிப்பேட்டில் டிராகனை அடித்துவிட்டு
அம்மையார் எழுதினார்,
வழக்கத்தைவிட மெதுவாக.

திங்கட்கிழமை
பராமரிப்பாளர் எம்ரிஸ் நாலு திருகாணியோடு வந்தார்.
ஐந்து நிமிட வேலை.
மூன்று வருஷமாக யாரும் கேட்கவில்லையாம்.

இடைவேளையில் லெரி உள்ளே போனாள்.
டக்.
அப்புறம் சத்தமே இல்லை.