குழாயில் ஒரு கறை

கசிமிரோ அதை வாங்கியது
ராணுவக் கழிவுச் சாமான் ஏலத்தில்.
ஒற்றைக் கண் குழாய், இரவுக்கானது.
விலையை மனைவியிடம் பாதியாகச் சொன்னான்,
எங்களிடம் முக்காலாக.

உருளைக்கிழங்குக் கிடங்கில்
பதினொரு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும்
மண் உதிரும் கால்சட்டையோடு
நேரே மேட்டுக்குப் போவோம்.
அவன், நான்,
பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற வெர்னா.
மடக்கு நாற்காலிகள் வெர்னாவுடையவை,
ஃபிளாஸ்க் என்னுடையது,
வானம் கொலராடோவுடையது.
அதில் வருபவை யாருடையவை என்பதுதான் கேள்வி.

முதல் தடவை கண்ணில் வைத்தபோது
நட்சத்திரம் எதுவும் தெரியவில்லை.
உலை கொதித்தது.
பச்சைக் குருணை துள்ளித் துள்ளி அடங்கி
அதன் அடியிலிருந்து வானம் தெளிந்தது.
இருட்டு என்று நாற்பத்தொரு வருடம்
நான் நம்பியிருந்த இடத்தில்
நிற்க இடமில்லாத கூட்டம்.

கசிமிரோவின் நோட்டில்
முதல் மூன்று மாதமும் ஒரே பதிவு:
கரிய உருவம். ஓசை இல்லை.
வலது மேல் மூலை.
நான் திரும்பினால் திரும்புகிறது.
நின்றால் நிற்கிறது.

வெர்னா குழாயை வாங்கி
வானத்தைப் பார்க்கவில்லை, தன் காலணியைப் பார்த்தாள்.
காலணியின் மேலும் விண்கலம் நின்றது.
'கறைப்பா இது, கண்ணாடிக்குள்ள கறை.'
அவன் அந்தப் பக்கங்களைக் கிழிக்கவில்லை.
குறுக்கே ஒரு கோடு போட்டான்,
படிக்க முடிகிற மாதிரி.

மார்ச்சில் தெற்கிலிருந்து பதினேழு விளக்குகள்.
அம்புமுனை போல, அவசரமில்லாமல்,
எங்கள் தலைக்கு நேரே.
'வந்துட்டாங்க' என்றான் கசிமிரோ,
விருந்தாளியைச் சொல்கிற மாதிரி.
வெர்னா எழுந்து நின்றாள்.
நான் ஏன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன் என்று
இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் அந்தச் சத்தம்,
தொண்டையில் கூழாங்கல் உருட்டுவது போல.
நாரைகள்.
ஆழமில்லாத தண்ணீரில் நின்று உறங்கியவற்றை
நரி எதுவோ கிளப்பிவிட்டிருக்க வேண்டும்.
அலமோசாவின் தெருவிளக்குகள்
அவற்றின் வயிற்றில் பட்டு எரிந்துகொண்டிருந்தன.
யாரும் பேசவில்லை.
எண்ணிக்கையை மட்டும் எழுதினான்: 17.

ஏப்ரலில் வெர்னாவும் ஒரு குழாய் வாங்கினாள்,
கறையில்லாதது.
கசிமிரோவிடம் ஒரு சுட்டுவிளக்கு சேர்ந்தது.
வெறும் கண்ணுக்கு அது செத்த பேட்டரி.
குழாய் வழியே பார்த்தால்
வானம்வரை நீளும் ஒரு விரல்.
விமானம் வந்தால் அணை, அணை என்று
வெர்னா பேருந்துக் குரலில் கத்துவாள்.

அன்று மேற்கே தாழ இருந்த ஒரு நட்சத்திரத்தை
அவன் காட்டிக்கொண்டிருந்தான்.
பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்திலிருந்து,
வீடே இல்லை என்று நாங்கள் நினைத்திருந்த சரிவிலிருந்து,
இன்னொரு கோடு எழுந்தது.
தடவித் தடவி வந்து
அவன் காட்டிய நட்சத்திரத்தையே தொட்டது.

குழாயை இறக்கினேன். வெறும் இருட்டு, நாய் ஒன்று குரைத்தது.
ஏற்றினேன். இரண்டு கோடுகள், கூரை போல.

கசிமிரோ ஒரு வட்டம் போட்டான்.
அங்கேயும் வட்டம், இடப்புறமாகச் சுற்றி.
'பேரு கேளு' என்றாள் வெர்னா.
எப்படிக் கேட்பது?
அணைத்தான். இரண்டு முறை மினுக்கினான்.
பதில் இரண்டு முறை வந்தது.
கொஞ்சம் பொறுத்து,
நாங்கள் கேட்காத மூன்றாவது.

நோட்டில் 'மனிதர்' என்று எழுதி
அடித்துவிட்டு
கீழே எழுதினான்:
அடையாளம் தெரியாதவர். பதில் சொல்கிறார்.

மறுநாள் கிடங்கில்
எடைமேடைக்கு வந்த லாரிக்காரர்களை,
மூட்டை தைப்பவர்களை,
சம்பளச் சீட்டு நீட்டும் கணக்குப்பிள்ளையை,
ஒவ்வொருவராக முகம் பார்த்தேன்,
ஒரு கண்ணைச் சுற்றி மட்டும்
ரப்பர் வளையம் அழுத்திய தடம்
இன்னும் மறையாமல் இருக்கிறதா என்று.