குரல்: பத்துக்கு நான்கு

கடைசி வரிசையில், குழந்தை நாற்காலியில்
முழங்கால் மோவாயை முட்ட உட்கார்ந்து
படிவத்தை நிரப்புகிறேன்.
டர்பன், வார்விக் சந்திப்புக்குப் பின்புறம்,
ஏழாம் வகுப்பு, ஐம்பத்து நான்கு பேர்.
டாக்ஸிக்காரர்கள் கூவும் ஊர்ப்பெயர்கள்
கண்ணாடியில்லாத சன்னல் வழியே வந்து
பின்னக் கணக்குக்குள் ஏறிக்கொள்கின்றன.
மூன்றில் ஒன்று, உம்லாசி, உம்லாசி,
நான்கில் ஒன்று.

லுங்கிலே கரும்பலகையில்
ஒரு ரொட்டி வரைந்து நாலாக வெட்டுகிறாள்.
"கால் ரொட்டி, உள்ளே அவரைக் குழம்பு,
நேற்று வாங்கினது யார்?"
வகுப்பெல்லாம் கை.
நல்ல இடம். எழுதிக்கொண்டேன்.
ஆனால் நடு வரிசையைத் தாண்டி
அவள் குரல் வரவில்லை.
பாதி வாக்கியத்தில் நூல் அறுகிறது,
விழுங்குகிறாள், மறுபடி கோக்கிறாள்.
குரல்: பத்துக்கு நான்கு.
குறிப்பு: அடிவயிற்றிலிருந்து பேசப் பழகவும்.

இடைவேளையில் பிளாஸ்கைத் திறந்து
தேநீர் நீட்டினேன். வேண்டாம் என்றாள்.
தண்ணீராவது?
வேண்டாம், டாக்டர் படையாச்சி.

காலை ஐந்தரைக்குப் பிறகு எதுவும் குடிப்பதில்லையாம்.
ஐந்து வாரமாக.
ஆசிரியர் கழிப்பறைக்கு ஒன்பது சாவி,
ஒன்பதும் ஒன்பது கைப்பைகளில்.
பயிற்சிக்கு வந்தவளுக்குக் கணக்கில் சாவி இல்லை.
பிள்ளைகளுடையதற்குக் கதவே இல்லை.
மழை வரும் போலிருக்கிறது என்பதுபோல்
சொன்னாள்.

இது என் மூன்றாம் வருகை.
பாடக்குறிப்பு, பலகை ஒழுங்கு, கேள்வி கேட்கும் விதம்,
கற்றல் கோட்பாடு இரண்டு,
எல்லாம் பேசியாயிற்று.
ஒவ்வொரு முறையும் உள்ளே நுழைந்ததும்
அலுவலகத்தில் எனக்கு ஒன்று தருவார்கள்,
நீல நாடா கட்டியது, விருந்தாளிக்கென்று.
போகும்போது திருப்பிக் கொடுப்பேன்.
ஒரு தடவைகூட அதை நான் யோசித்ததில்லை.

பையைத் துழாவி எடுத்தேன்.
நன்றி சொல்லவெல்லாம் நிற்கவில்லை அவள்,
ஓடினாள்.

நான்கை அடித்துவிட்டேன்.
வேறு எண் எதுவும் தோன்றவில்லை.
'மேற்பார்வையாளர் அளித்த உதவி' என்று
கீழே ஆறு கோடு விட்டிருக்கிறார்கள்.
அதிலும் எதை எழுத?

வண்டி நெடுஞ்சாலை ஏறுமுன்
எழுத்தர் ஹீராமன் அம்மாள் அழைத்தார்.
டாக்டர், அந்த நீல நாடா?
தொலைந்துவிட்டது, மன்னியுங்கள்,
புதிதாக ஒன்று செய்துகொள்ளுங்கள்,
ரசீது துறைக்கு அனுப்புங்கள் என்றேன்.

இருபத்தாறு வருடம் வகுப்பில் பேசிய குரல்.
கொஞ்சமும் பிசிறவில்லை.