கைப்பற்றி

கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில்
கடைசித் தூணின் நிழலில்
ஆதாரத்தின் நகலை மடியில் விரிக்கிறேன்.
இங்கே ஆதாரம் என்றால் கிரயப் பத்திரம்.
அதையே இன்றுதான்
ஆபீஸில் பணம் கட்டியபின் தெரிந்துகொண்டேன்.

என் மலையாளம் பஸ் போர்டு மலையாளம்.
சித்தூர், கொல்லங்கோடு, வேலந்தாவளம் வழி.
ஒரே மூச்சில் படித்து ஓடி ஏறிவிடலாம்.
தக்காளிப் பெட்டிமேல் எழுதிய பேர்களும் படிப்பேன்.
வாக்கியம் படித்ததில்லை.

இந்த வாக்கியம் பதினோரு வரி.

கிழக்கே வாய்க்கால்,
தெற்கே கிட்டுண்ணி மன்னாடியாரின் கரும்பு,
இருபத்திரண்டு சென்ட், கிணற்றில் பாதி,
ஆறுச்சாமி, உடன்பிறந்த மயிலாத்தாள்
என்று அப்பாவும் அத்தையும்,
நாலாயிரத்து முன்னூறு உறுப்பிக.
அள்ளிக்கொண்டு நடக்கிறேன்.
ஆறாம் வரியில் வாய்க்கால் நழுவிவிட்டது.
குனிந்து எடுத்தால் தொகை விழுகிறது.
ஓர் எழுத்தைக் கூட்டி முடிப்பதற்குள்
முந்தின சொல் ஆறிப்போகிறது.
எட்டாம் வரியில் யார் யாருக்கு விற்கிறார்கள் என்பதே இல்லை.
விரலை முதல் வரிக்குத் திருப்பி அனுப்புகிறேன்.

நடுவில் ஓரிடத்தில் மூச்சு விட முடிந்தது.
‘இனிமேல் யாதொரு அவகாசமும் இல்ல.’
நிமிர்ந்து மணி பார்த்தேன். நாலு பத்து.
பொள்ளாச்சி பஸ் வரவில்லை,
நேரம் கிடக்கிறதே என்று மறுபடி குனிந்தபோதுதான்
போன வாரம் மார்க்கெட்டில்
சுமைக்காரர்கள் கொடி பிடித்து
‘அவகாசம், அவகாசம்’ என்று கத்தியது நினைவு வந்தது.
நேரம் கேட்டு யாராவது கொடி பிடிப்பார்களா?
உரிமை. இனி உரிமை இல்லை.
தெரியாத சொற்களிடம் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன்,
தெரிந்தது காலை வாரிவிட்டது.

கடைசி வரி சின்னது.
‘உறுப்பிக முழுவனும் ரொக்கம் கைப்பற்றி.’

எங்கள் பக்கம் போலீஸ்தான் கைப்பற்றும்,
எரிசாராயத்தை.
போகட்டும். கைப்பற்றி?
காத்திருக்கிறேன்.
தமிழில் இது பாதி வழி.
கைப்பற்றிக்கொண்டு போனானா, கைப்பற்றி வைத்தாளா,
ஒரு வினை வந்து கதவைச் சாத்த வேண்டும்.
பக்கத்தைத் திருப்பினால் ஸ்டாம்பும் சீலும்.
அந்தப் புள்ளி பூச்சி எச்சமில்லை.
இவர்களுக்கு வாக்கியம் முடிந்துவிட்டது.
பணம் வந்து சேர்ந்தாயிற்று, அவ்வளவுதான்.
வந்தது யார் கைக்கு என்று சொல்ல
அந்த வினைக்கு வால் இல்லை.

நாற்பத்துச் சொச்சம் வருஷமாக எங்கள் வீட்டில்
அந்த வாலைப் பிடித்துத்தான் சண்டை.
அப்பா சாகும்வரை ‘வாங்கினாள்’.
அத்தை இன்றைக்கும் ‘வாங்கினான்’.
ஒரு ள், ஒரு ன்.
கல்யாணத்துக்குப் போகாமல், இழவுக்கு வராமல்
ஒற்றெழுத்து ஒன்று போதுமாக இருந்தது.
எழுத்தில் இருக்கும் என்று நம்பி வந்தேன்.

கீழே அப்பாவின் கையெழுத்து,
பக்கத்தில் அத்தையின் பெருவிரல், மை அதிகமாகி.
தேதி, கர்க்கிடகம் ஒன்பது.
கர்க்கிடகம்...
அது நம்ம ஆடி.

அந்த ஆடி பதினெட்டுக்கு
எங்கள் கிணற்றில் புது மோட்டார் ஓடியது.
எனக்கு ஆறு வயசு.
குழாய் வாயில் சுற்றிய செவ்வந்திச் சரம்
தண்ணீர் அடித்த வேகத்தில் வரப்பில் போய் விழுந்தது.
காசு ஏது என்று யாரும் கேட்கவில்லை,
பத்திரத்தில் மோட்டார் என்ற சொல்லே இல்லை.
ஒன்பது நாள்.
இத்தனை நேரத்தில் இது ஒன்றுதான்
கையிலிருந்து நழுவாமல் நிற்கிறது.

தம்பி கூப்பிடுகிறான்.
அந்தத் தண்ணீரில்தான் அவன் தோப்பு.
‘படிச்சயா அக்கா? என்னன்னு எழுதியிருக்குது?’

‘பணத்தை ரொக்கமாக் கைப்பற்றி’ என்றேன்.

‘ம்.’

பொள்ளாச்சி பஸ் திரும்பி நிற்கிறது.

‘கைப்பற்றி?
ஹலோ.
சிக்னல் போயிருச்சா அக்கா,
மேல சொல்லு.’