பழையது என்ன

ரீகாவில் இரவுப் பணி.
டௌகவா ஆற்றின் மேல் பனிப்பாளம் முறிகிற சத்தம்
இரண்டாம் மாடி வரை வருகிறது.
காதில் விஸ்மா லூசே, வயது அறுபத்தெட்டு.
கணவர் தாலிவால்திஸ் இறந்து நாற்பது நாள்,
அவர் எடுத்த படமெல்லாம் எங்கள் கிடங்கில்.

'மறந்துவிட்டதா' என்ற பொத்தானை அழுத்துங்கள்,
புதிய கடவுச்சொல் வைத்துக்கொள்ளலாம் என்றேன்.
"புதியது எதற்கு?
பழையது என்னவென்று சொல்லுங்கள்."

எங்களிடம் இல்லை அம்மா.
"பூட்டு உங்களுடையது, சாவி இல்லையா?"

எப்படிச் சொல்வது.
அவர் தட்டிய சொல்லை
வந்த கணமே மாவாக அரைத்துவிட்டோம்.
அரைக்கும் முன் ஒரு சிட்டிகை உப்பு,
ஆளுக்கு ஒரு உப்பு,
இருவர் ஒரே சொல்லை வைத்தாலும்
மாவு ஒன்றுபோல் இராது.
கிடங்கை உடைத்துத் திருடுகிறவனுக்கும் மாவுதான்.
திரிகையைத் திருப்பிச் சுற்றினால்
தானியம் வராது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமாம்.
நாங்கள் உப்பிடுவதே
எதையும் நினைவில் வைக்காமல் இருக்க.

"அப்புறம் சரியான சொல் என்று எப்படித் தெரியும்?"
நீங்கள் சொல்வதையும் அரைப்போம்.
மாவும் மாவும் ஒத்தால் கதவு.

தட்டினாள்.
நாயின் பெயர். இல்லை.
கல்யாணத் தேதி. இல்லை.
யூர்மலாவில் வாங்கிய படகின் எண். இல்லை.
தன் பெயர்,
கொஞ்சம் தயங்கித்தான். இல்லை.
தன் பெயரையே, பிறந்த வீட்டுப் பெயரோடு.

ஐந்து தவறு. கால்மணி நேரம்
கதவு தானே பூட்டிக்கொள்ளும்.

இணைப்பைத் துண்டிக்க அவளும் நினைக்கவில்லை, நானும்.
கெட்டில் விசிலடித்தது. கோப்பையில் கரண்டி மோதியது.
"மறதிக்காரர்," என்றாள் நடுவில்,
"நாக்கு நுனியில் இருக்கிற ஒன்றைத்தான் வைத்திருப்பார்."

பதினாறாம் நிமிடம்
விசைகளின் சத்தம்.
எண்ணக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள்.
எண்ணினேன். ஏழு.

என் திரையில் ஒரே வரி:
உள்நுழைவு வெற்றி, 2:41.
என்ன சொல் என்று எனக்குத் தெரியாது.
தெரியாமல் இருக்கத்தான் இத்தனை ஏற்பாடு.

மறுமுனையில் வெகுநேரம் மூச்சு மட்டும்.
படங்கள் இருக்கின்றனவா என்றேன்.
"இருக்கின்றன."
பிறகு, சந்தையில் மீன் விலை கேட்கிற குரலில்,
"இந்தச் சொல்லை மாற்ற வேண்டும்.
எங்கே அழுத்த?"