மிச்சப் பக்கங்கள்

புதுக் கொப்பி நானூற்றெண்பது ரூபா.
அதனால் இதை எடுத்தோம்:
சங்கக் கட்டட அலுமாரியின் அடித்தட்டில்
கரப்பான் எச்சத்தோடு கிடந்த கூட்டக் குறிப்பேடு.
முன்பாதி நிரம்பியிருந்தது.
எழுத எனக்குப் பின்பாதி போதும்.
ஆனாலும் முன்னால் புரட்டாமல் யாரால் இருக்க முடியும்?

கொக்குவில் சுருட்டுத் தொழிலாளர் சங்கம்.
ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தேழு, ஆவணி.
காரியதரிசி வே. நன்னித்தம்பி.
றகரம் வரும் இடமெல்லாம்
அவர் பேனா தாளைக் கிழித்திருக்கிறது.

பிணக்கு கூலியில் தொடங்கவில்லை.
கொட்டிலில் நாற்பது பேர் சுருட்ட
வாங்கில் ஏறி ஆசீர்வாதம் பேப்பர் வாசிப்பான்.
அவன் பங்கை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள்.
கொழும்பில் துறைமுகம் நின்றது, டிராம் நின்றது
எல்லாம் புகையிலைத் தூளோடு மூக்கில் ஏறும்.
முதலாளி சொன்னார்:
"கைக்குத்தான் கூலி. காதுக்கு இல்லை."
பேப்பர் நின்றது.
மூன்று நாள் கொட்டிலில் கத்திச் சத்தம் மட்டும்.
நாலாம் நாள் அதுவும் இல்லை.

பதினேழு நாள் வேலைநிறுத்தம்.
குறிப்பேடு அதைப் பெரிதாய்ச் சொல்லவில்லை.
"அரிசி இரண்டு கொத்து சேர்ந்தது."
"க. வல்லிபுரம் வேலைக்குத் திரும்பிவிட்டார்.
அவருடன் ஒருவரும் கதைக்கக் கூடாது."
அடுத்த வரி, வேறு மையில்:
"வல்லிபுரத்தின் பிள்ளைக்குக் காய்ச்சல். கதைக்கலாம்."

பதினெட்டாம் நாள் பேப்பர் வந்தது.
ஆயிரம் சுருட்டுக்கு இருபத்தைந்து சதம் கூடியது.
ஆசீர்வாதத்தை மட்டும் திருப்பி எடுக்கவில்லை.
"இனி யார் வாசிப்பது என்பது பின்னர் தீர்மானிக்கப்படும்."

இங்கே மூடியிருந்தால்
பெருமையோடு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"கூட்டத்தில் சிலருக்குப் பேணியிலும் சிலருக்குச் சிரட்டையிலும்
தேத்தண்ணி கொடுபடுவது பற்றி
செ. கணவதி கொண்டுவந்த பிரேரணை ஒத்திவைக்கப்பட்டது."
ஐப்பசி: ஒத்திவைக்கப்பட்டது.
மார்கழி: ஒத்திவைக்கப்பட்டது.
தைக்குப் பிறகு கணவதியின் கையொப்பம் இல்லை.

வரவுப் பட்டியலில் ஆண்கள் முழுப்பெயரோடு, தகப்பன் எழுத்தோடு.
கீழே ஒரு வரி: "காம்பு கிழிக்கும் பெண்கள் 11."
பதினேழு நாளும் அவர்களும் பட்டினி.
பெயரோடு அவர்கள் இருந்திருக்கக்கூடிய ஒரே புத்தகம்
முதலாளியின் கூலி வெட்டுப் புத்தகம்.

நாங்கள் கஸ்தூரியார் வீதிப் புடவைக்கடைகளில் நிற்பவர்கள்.
ஒன்பதிலிருந்து எட்டு மட்டும்.
சேலைக்கு மெத்தை. எங்களுக்குக் கதிரை இல்லை.
சாய்ந்தால் கமெரா பிடிக்கும், இருநூறு வெட்டு.
நாங்கள் கேட்பது மூன்று பேருக்கு ஒரு கதிரை.

"கதிரைக்கு ஸ்ட்ரைக் எண்டா சிரிப்பினம்"
என்றாள் கோகுலவதனி.
பேப்பருக்காக நின்றவர்களை வாசித்துக் காட்டினேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை,
வீங்கிய கணுக்காலை மற்றக் காலால் தேய்த்தாள்.

ஜெனிஸ்ரா தேத்தண்ணி ஊற்றினாள்.
எல்லாம் ஒரே மாதிரிக் கடுதாசிக் கோப்பை.
இருந்தும் நான் பார்த்தேன்,
யார் எடுக்காமல் விடுகிறாள் என்று.
ஒருத்தி விட்டாள்.
"எனக்கு வயித்தெரிவு" என்றாள்.
நம்பினேன். முழுதாக இல்லை.

பிறகு பெயர் எழுதத் தொடங்கினேன், முதலெழுத்தோடு,
தாயின் எழுத்தையும் சேர்த்து.
பதினாலாவது ஆள் என் கையைப் பிடித்தாள்:
"என்ர பேரைப் போடாதேங்கோ அக்கா.
கடைக்காரர் எங்கட மாமாவுக்குக் கடன் குடுத்தவர்.
ஆனா நான் வருவன்."

அந்தப் பதினொரு பேரும்
நன்னித்தம்பியின் கையை இப்படித்தான் பிடித்தார்களா?
அவர் கேட்கவேயில்லையா?
தாளில் அதற்குத் தடயம் இல்லை.

எழுதினேன்: "மற்றும் ஒரு பெண்."
அதற்கு மேலே ஒரு வரியை
வெறுமையாக விட்டிருக்கிறேன்.
கடன் தீர்ந்தால் நிரப்பலாம்.
இன்னும் அறுபத்திரண்டு பக்கம் இருக்கிறது.