ஒட்டுப்பால்

மழையில் மரம் வெட்ட முடியாது.
அதனால்தான் போனேன்.
ரத்தம் ஆறு மாதமாய் வருகிறது,
மழை அன்றுதான் வந்தது.

குலசேகரம் சந்தைமுக்கில், மாடியில்
பல் டாக்டர் பெனிலா.
உதட்டைப் பிரிக்காமலே பேர் சொன்னேன்:
ரோஸ்லெட். நாற்பத்திநாலு. பால்வெட்டு.

உதட்டைப் பிரிக்காமல் பேசப் பழகிவிட்டது.
கோயில் பாட்டுக்குழுவில் பக்கத்தில் நிற்கும் சுகந்தபாய்
நான் மூச்சு எடுக்கும்போதெல்லாம்
பாட்டுப் புத்தகத்தை நடுவில் விரிப்பாள்,
வரிகள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

டாக்டர் தலையில் விளக்கு கட்டினாள்.
சிரிப்பு வந்தது எனக்கு.
வெளுக்குமுன் நாலு மணிக்கு
முந்நூறு மரத்துக்கு நானும் இதைத்தான் கட்டுகிறேன்.

மெலிந்த கம்பி, கோடு போட்டது.
பல்லுக்கும் ஈறுக்கும் இடையே இறக்கி
அவள் சொல்லச் சொல்ல ஒரு பெண் எழுதினாள்:
மூன்று. மூன்று. நாலு.
ஐந்து, ரத்தம்.
மூன்று.
ஆறு, ரத்தம்.

எனக்கு மில்லிமீட்டர் தெரியும்.
பட்டைக்குள் கத்தி எதுவரை போகலாம்,
தடிக்கு ஒரு மில்லி மிச்சம் வைக்காவிட்டால்
மரம் எப்படி முண்டுமுண்டாய்ப் புடைக்கும்,
முதலாளி எப்படிக் கத்துவார்.
ஆறு என்றதும் நாற்காலியை இறுக்கிப் பிடித்தேன்.

நோவே இல்லையே டாக்டர்.
"நோவு இல்லாததுதான் இதுக்க குணம்.
ரத்தம் வருதேன்னு அந்தப் பக்கம் தேய்க்காம விட்டீங்க, இல்லையா?"

விட்டேன். உப்பு வைத்தேன், உமிக்கரி வைத்தேன்,
பிரஷ் மட்டும் வைக்கவில்லை.
விட்ட இடத்தில் அழுக்கு படிந்ததாம்,
படிந்தது கல்லானதாம்,
கல்லுக்குப் பயந்து ஈறு விலகிக் கொடுத்ததாம்.

கண்ணாடியில் காட்டினாள்.
கீழ்வரிசைப் பின்புறம்,
மஞ்சளும் கருப்புமாய் ஒரு கரை.
ஒட்டுப்பால், என்றேன் வாயில் பஞ்சோடு.
"என்னது?"
முந்தின வெட்டில் வழிந்து உறைந்த பால்.
அதை உரித்தால்தான் புதுப்பால் சாலில் ஓடும்.
கத்தி எடுக்குமுன் அதுதான் முதல் வேலை.
அவள் எழுதும் பெண்ணைப் பார்த்தாள்.
அந்தப் பெண் எழுதவில்லை.

ஊசியில் கன்னம் மரத்தது.
மரத்தது.
இந்தச் சொல்லை இதுவரை யோசித்ததில்லை.

இரண்டு மழைநாள், இரண்டு பக்கம்.
ஷீட் விற்ற காசு போனது.
பேரில் மட்டும் சுத்தம் செய்வது;
வேர்வரை இறங்கிச் சுரண்டும் ஓசை
மண்டைக்குள் கேட்டது.

"கிளீன் பண்ணினா பல்லு ஆடும் பாரு" என்றிருந்தாள் சுகந்தபாய்.
ஆடத்தான் செய்தது.
கல் பிடித்து நிறுத்தியிருந்த பல்லை
இனி நான் பிடிக்க வேண்டும்.

வெட்டின பட்டை ஏழெட்டு வருசத்தில்
திரும்ப வளரும் டாக்டர். எலும்பு?
விளக்கை அணைத்தாள்.
"ஈறு இறுகும். குழி குறையும்.
கரைஞ்ச எலும்பு கரைஞ்சதுதான்.
இருக்கதைக் காப்பாத்தலாம்."
எக்ஸ்ரேயில் பார்த்தேன்:
பேச்சிப்பாறையில் பங்குனி மாதம்
தண்ணீர் இறங்கி நிற்கும் கோடு.

சர்க்கரையும் பார்க்கச் சொன்னாள். இருநூற்றுப் பன்னிரண்டு.
அது வேறு கதை என்று நினைத்தேன்,
இதே கதைதானாம்.

பிரஷ்ஷை நேராய்ப் பிடிக்கக் கூடாது,
ஈறின் ஓரத்தில் சாய்த்து, மெதுவாய்.
சாய்வு எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

மூன்று மாதத்தில் திரும்ப வரணும்.
துலாமழை இருக்கும், வரலாம்.

ஞாயிற்றுக்கிழமை சுகந்தபாய்
புத்தகத்தை விரித்தே பிடித்தாள். பழக்கம்.
நான் வாய் நிறையத் திறந்து பாடினேன்.

இன்று துப்பியது வெள்ளை.
நம்பாமல் இன்னொரு தடவை துப்பினேன்.
பிறகு விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கி
முதல் மரத்தில் ஒட்டுப்பாலை நுனி கிள்ளி இழுத்தேன்.
ஒரே இழுப்பில் வந்தது.
கீழே இடதுபக்கம் ஒன்று மட்டும்
நாக்கு பட்டால் இன்னும் அசைகிறது.